‘சும்மா இருப்பவர்’ கணக்கு: தோல் ஊர்களிலிருந்து வேலையின்மை விகிதத்தை வாசித்தல்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரி 50 சதவீதத்தைத் தொட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூவும் பையும் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு அமெரிக்கா முக்கியமான சந்தைகளில் ஒன்று. ஆனால் அந்த மாதங்களுக்கான தேசிய வேலையின்மை விகிதத்தைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறது: ஜூலையில் 5.2 சதவீதம், ஆகஸ்ட்டில் 5.1, செப்டம்பரில் மறுபடி 5.2.

இதை வைத்து ‘புள்ளிவிவரமே பொய்’ என்று சிலர் சொல்வார்கள். ‘வரியால் யாருக்கும் பாதிப்பில்லை’ என்று வேறு சிலர் சொல்வார்கள். கணக்கெடுப்பு கேட்காத ஒரு கேள்விக்கு அதனிடம் பதில் தேடுவதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

முதலில் அளவை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்து சுமார் 60 கோடிப் பேர். தோல் வட்டாரத்தில் ஒரு லட்சம் பேர் ஒரே நாளில் வேலையிழந்து, மறுநாளே வேறு வேலை தேடத் தொடங்கினாலும், தேசிய விகிதம் 0.02 புள்ளிகூட உயராது. பாலாற்றங்கரையில் ஓர் ஊர் முழுக்கப் படுத்துவிட்டாலும் தில்லியில் முள் அசையாது. ஆனால் அளவு மட்டுமே காரணமென்றால் விஷயம் எளிது. வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு விகிதம் கணக்கிட்டால் போதும். சிக்கல் அதற்கும் கீழே, ‘வேலை’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் பொருளில் இருக்கிறது.

ஒரு மணி நேரமும் ஓர் ஆண்டும்

வேலைவாய்ப்பு குறித்த இன்றைய முதன்மையான தரவு, 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. பி.எல்.எஃப்.எஸ். என்ற பெயரில் செய்திகளில் வருவது இதுதான். அதற்கு முன் 1972-73 முதல் 2011-12 வரை, ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அமைப்பு இந்த வேலையைச் செய்தது. இரண்டுக்கும் அடித்தளம் எம்.எல். தந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு 1970ல் தந்த அறிக்கை. குடும்ப உழைப்பும் பருவ வேலையும் நிறைந்த நாட்டில் எல்லாவற்றையும் ஒற்றை எண்ணுக்குள் அடக்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் நிலைப்பாடு. அதனால்தான் இன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்கள் இருக்கின்றன.

முதலாவது ‘வழக்கமான நிலை’. கடந்த 365 நாட்களில் ஒருவர் பெரும்பகுதி நேரம் என்ன செய்தார் என்று இது பார்க்கிறது. பெரும்பகுதி நேரம் வேலையில் இல்லாவிட்டாலும் 30 நாட்களாவது துணைவேலை செய்திருந்தால் அவரும் வேலையில் உள்ளவரே. இரண்டாவது ‘நடப்பு வாரநிலை’. கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாமல், வேலை தேடியவர் அல்லது வேலைக்குத் தயாராக இருந்தவர் மட்டுமே வேலையற்றவர். மாத விகிதம் இந்த இரண்டாவது அளவுகோலில் வருகிறது.

ஒரு மணி நேரம் என்ற வரம்பு இந்திய அரசின் தந்திரம் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது சரியல்ல. 1982ல் நடந்த தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 13ஆவது சர்வதேச மாநாடு வகுத்த விதி அது. நாட்டின் உற்பத்தியைக் கணக்கிடும்போது எவ்வளவு சிறிய உழைப்பும் விடுபடக் கூடாது என்பதற்காக வந்தது. உற்பத்திக் கணக்குக்கு அது பொருத்தமான விதி. பிழைப்பின் நிலையை அறிய அதையே நம்பினால் ஏமாறுவோம்.

எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண் எவ்வளவு மாறும் என்பதற்குக் கொரோனா ஊரடங்கே சான்று. 2020 ஏப்ரல்–ஜூனில் நகர்ப்புற வேலையின்மை, வாரநிலையில், 20.9 சதவீதத்துக்குப் போனது; முந்தைய காலாண்டில் அது 9.1. ஆனால் அதே மூன்று மாதங்களையும் உள்ளடக்கிய 2019-20 ஆண்டுக் கணக்கில், வழக்கமான நிலை விகிதம் 5.8லிருந்து 4.8 ஆகக் குறைந்தது. இரண்டும் ஒரே கணக்கெடுப்பின் எண்கள். கடந்த வாரத்தைக் கேட்டால் ஊரடங்கு தெரிகிறது. கடந்த ஆண்டைக் கேட்டால் அது கரைந்துவிடுகிறது.

ஒரு தெரு, நான்கு வீடுகள்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் வீட்டுப் பெண் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருப்பவர். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு. ‘ஆர்டர் இல்லை, கூப்பிடும்போது வாங்க’ என்று இந்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சம்பளம் கிடையாது. கணக்கெடுப்பில் இவருக்குக் குறியீடு 72: மாதச் சம்பள வேலை உண்டு, நோய் தவிர வேறு காரணத்தால் இந்த வாரம் போகவில்லை. வேலையில் உள்ளவர்.

இரண்டாம் வீட்டுப் பெண் ஷூவின் மேல்பாகத்தை, அதாவது ‘அப்பரை’, வீட்டில் உட்கார்ந்து ஊசியால் தைக்கிறார். ஏஜென்ட் மூட்டையில் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எண்ணி எடுத்துப்போவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கொடுப்பார். இவருக்குக் குறியீடு 11: சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர். கூடவே உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுக்கும் மகளுக்கு 21: குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர். இருவருமே வேலையில் உள்ளவர்கள்.

மூன்றாம் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடும் தினக்கூலி. ஏழு நாளில் ஒரு நாள்தான் கூப்பிட்டார்கள். குறியீடு 51. இவரும் வேலையில் உள்ளவர்.

நான்காம் வீட்டில் பி.காம். முடித்த பையன் தேர்வுகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு காத்திருக்கிறான். குறியீடு 81. நான்கு வீட்டிலும் வேலையற்றவன் இவன் ஒருவன்தான்.

நான்கில் ஓரளவு வசதியான வீடு எது என்று கேட்டால், நான்காவது வீடாகத்தான் இருக்கும். வேலையில்லாமல் காத்திருக்கவும் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். 2023-24ல், வழக்கமான நிலையில், நாட்டின் பொது வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம், 15 முதல் 29 வயதுக்காரர்களிடம் மட்டும் 10.2. படித்த இளைஞர்களின் பிரச்சினை பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் நம் நாட்டு வேலையின்மை விகிதம் பெருமளவு அவர்களைத்தான் அளக்கிறது. மற்ற மூன்று வீடுகளின் கஷ்டம் ‘வேலை’ என்ற கட்டத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கணக்கெடுப்பவர் வரும்போது வீட்டில் இருக்கும் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்லலாம். ‘வீட்டம்மா என்ன செய்றாங்க?’ என்ற கேள்விக்கு நம் ஊரில் வழக்கமாக வரும் பதில்: ‘வீட்லதாங்க, சும்மா இருக்காங்க.’ அந்தச் ‘சும்மா’வை அப்படியே எழுதினால் குறியீடு 92: வீட்டு வேலை மட்டும். உழைப்பாளர் கணக்கிலேயே அந்தப் பெண் வரமாட்டார். வந்தவர் மூலையில் கிடக்கும் அப்பர் மூட்டையைக் கவனித்து, ‘அது யாரு தைக்கிறாங்க?’ என்று இன்னொரு கேள்வி கேட்டால், அவரே 11 ஆகிவிடுவார். பெண்களின் பங்கேற்பு விகிதம், அதாவது வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பது, இப்படி இன்னொரு கேள்வியின் மீது நிற்கிறது.

வேலை திண்ணைக்கு வந்த கதை

இந்த வட்டாரம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்குப் பேர்போனது. ‘ஈ.ஐ.’ என்று வணிகர்கள் சொல்லும் அந்த அரைப்பதத் தோல் கப்பலேறி, வெளிநாட்டில் செருப்பாகவும் பையாகவும் மாறியது. 1972ல் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுமையாகப் பதனிட்ட தோலும் தோல் பொருளும்தான் போக வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. அதன் விளைவாக ஷூ கம்பெனிகள் பெருகின. தொட்டி வேலை பெரும்பாலும் ஆண்களுடையது; தையல் வரிசையில் பெண்கள் வந்தார்கள். 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் நேரடியாக வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். ஆடைக்கும் மின்னணுப் பொருளுக்கும் பக்கத்தில் ஷூவுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு.

ஷூ தயாரிப்பில் எல்லாவற்றையும் மெஷின் செய்வதில்லை. மொக்கசின் வகை ஷூவின் முன்பக்கத்தைக் கையால்தான் இழுத்துத் தைக்க வேண்டும். நேரம் தின்னும் இந்த வேலையைக் கம்பெனிக்குள் வைத்தால் சம்பளம், பி.எஃப்., போனஸ் எல்லாம் தர வேண்டும். அதனால் அது ஏஜென்ட் வழியாக ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போனது. 2016ல் பெங்களூருவின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட் அமைப்பும் பங்கேற்று வெளியிட்ட அறிக்கை, இந்தப் பெண்களைப் பற்றி ஐரோப்பிய வாசகர்களுக்குச் சொன்னது.

தோலைக் கொடுப்பவர் வேறொருவர். மாதிரியும் கூலியும் முடிவாவது வேறிடத்தில். பெண்ணுக்குச் சொந்தம் ஊசியும் உழைப்பும்தான். ஆனால் கணக்கெடுப்பின் வரையறை, இப்படிப் பொருள் வாங்கி வீட்டில் செய்து கொடுப்பவர்களை வெளிப்படையாகவே சுயதொழில் பிரிவில் சேர்க்கச் சொல்கிறது. வேலூர், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்ணும் இப்படித்தான் வேலை செய்கிறார். ஆனால் 1966ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. 1976ல் நலநிதிச் சட்டமும் வந்தது. பீடி சுற்றுபவருக்கு அடையாள அட்டை கிடைத்தது. ஷூ தைப்பவருக்கு அப்படி ஒன்று வரவில்லை. புள்ளிவிவரத்திலோ இருவரும் தொழில்முனைவோர் பட்டியலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

நூறு பெண்களின் கணக்கு

கணிதம் எங்கே ஏமாற்றும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். எண்கள் என் கற்பனை; சூத்திரம் அரசுடையது.

ஒரு கிராமத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 100 பேர். கம்பெனிக்குப் போகிறவர்கள் 40. வேலை தேடுபவர்கள் 4. மீதி 56 பேர் வீட்டில். பங்கேற்பு விகிதம் 44 சதவீதம். வேலையின்மை விகிதம் 44ல் 4, அதாவது 9.1 சதவீதம்.

ஆர்டர் விழுகிறது. 10 பேரைக் கம்பெனி நிறுத்துகிறது. அவர்களில் 8 பேர் ஏஜென்டிடம் அப்பர் மூட்டை வாங்குகிறார்கள். 2 பேர் போதுமென்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கம்பெனியே ஆளை நிறுத்தும்போது நமக்கெங்கே கிடைக்கும் என்று, தேடிக்கொண்டிருந்த 4 பேரில் 3 பேர் தேடுவதை விடுகிறார்கள். வருமானம் போன வீடுகளில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் கைகொடுக்க, இதுவரை வீட்டில் இருந்த 6 பெண்கள் ஊசியெடுக்கிறார்கள்.

இப்போது கணக்கெடுங்கள். கம்பெனியில் 30, வீட்டுத் தையலில் 8, ஊதியமில்லா உதவியாளர் 6. வேலையில் உள்ளவர்கள் மொத்தம் 44, முன்பு 40. வேலையற்றவர் ஒருவர்தான். பங்கேற்பு விகிதம் 45 சதவீதமாக உயர்ந்தது. வேலையின்மை 9.1லிருந்து 2.2 சதவீதமாக விழுந்தது. பத்துப் பேர் வேலையிழந்த கிராமத்தில் மூன்று முக்கியக் குறியீடுகளும் முன்னேற்றம் காட்டுகின்றன. இதில் எந்த எண்ணும் பொய்யில்லை.

நாட்டின் எண்களைப் படிக்கும்போது

2017-18ல் நாட்டின் வேலையின்மை 6.1 சதவீதம் என்று முதல் பி.எல்.எஃப்.எஸ். கண்டது. அந்த அறிக்கை தாமதப்பட்டதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் விலகினார்கள். தேர்தல் முடிந்து மே 31ல் அறிக்கை வந்தது. விவாதமெல்லாம் 6.1ஐச் சுற்றியே நடந்தது. அது 2023-24ல் 3.2 ஆனதும் விவாதமும் பாதியாகிவிட்டது.

அதே ஆறு ஆண்டுகளில் பெண்களின் பங்கேற்பு 23.3லிருந்து 41.7 சதவீதமாக ஏறியது. நூறு பெண்களின் கணக்கைப் பார்த்த பிறகு அடுத்த கேள்வி தானே வரும்: ஏறியவர்கள் எந்தக் கட்டத்துக்குப் போனார்கள்? வேலையில் உள்ள பெண்களில் சுயதொழில் பிரிவினர் 51.9லிருந்து 67.4 சதவீதமானார்கள். மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள் 21.0லிருந்து 15.9 ஆகக் குறைந்தார்கள்.

இதை மட்டும் காட்டி ‘சம்பள வேலை அழிந்தது’ என்று முடித்தால் அதுவும் தவறு. சம்பளப் பிரிவின் பங்கு குறைந்தது. ஆனால் மொத்தம் வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாக உயர்ந்தது. பெருக்கிப் பார்த்தால், நூறு பெண்களில் சம்பள வேலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஐந்திலிருந்து ஆறுக்குச் சற்று மேலே போயிருக்கிறார்கள். ஆக, சம்பள வேலை கொஞ்சம் கூடியது. சம்பளமில்லாத, சம்பளம் நிச்சயமில்லாத வேலை ஏறக்குறைய இரு மடங்கானது. புதிதாக வந்தவர்களில் எவ்வளவு பேர் உண்மையிலேயே புதியவர்கள், எவ்வளவு பேர் முன்பு ‘சும்மா’வில் மறைந்திருந்து இப்போது எழுதப்பட்டவர்கள் என்பது பொருளியலாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு.

மற்ற பதிவேடுகள்

சரி, வீட்டுக்கு வீடு போகும் கணக்கெடுப்பை விட்டுவிட்டு நிர்வாகப் பதிவேடுகளை நம்பலாமா? 2018 முதல் மாதந்தோறும் வரும் வருங்கால வைப்புநிதித் தரவு, கணக்கு உள்ளவர்களை மட்டுமே அறியும். இருபது பேருக்குக் குறைவான பட்டறை ஒன்று இருபதைத் தாண்டிப் பதிவானால், பழைய தொழிலாளர்களே புதிய வேலைகளாகத் தோன்றுவார்கள். ஏஜென்டின் மூட்டை அந்தப் பதிவேட்டில் எந்த நாளும் வராது.

ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கு உற்பத்தியையும் ஆள்பலத்தையும் விரிவாகத் தருகிறது. அண்மைய ஆண்டுகளில் நாட்டின் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்கள் என்பதையும் அதிலிருந்துதான் அறிகிறோம். ஆனால் அதன் எல்லை தொழிற்சாலையின் கேட். தொழில் வகைப்பாட்டிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘தோலும் தோல் சார்ந்த பொருட்களும்’ என்ற 15ஆம் பிரிவில் ரப்பர், பிளாஸ்டிக் ஷூவும் அடக்கம். தோல் ஜாக்கெட்டோ ஆடைகளுக்கான 14ஆம் பிரிவுக்குப் போய்விடும். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் தோலில்லாக் காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. ஆலை ஓடும்போது அந்த வேலைகள் 15ஆம் பிரிவில்தான் ஏறும். பக்கத்து ஊரில் தோல் ஷாப்பு மூடியிருந்தாலும் ‘தோல் துறை’ வளர்ந்ததாக அட்டவணை காட்டக்கூடும். அறிவிப்பில் வரும் எண்ணைக் கணக்கெடுப்பு எண்ணோடு சேர்த்து எண்ணவும் கூடாது, முன்னது வாக்குறுதி.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டில் 2023ல் அதில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. வேலையில் இருந்துகொண்டே அரசுப் பணிக்காகப் பதிவைப் புதுப்பித்துவருபவர்களும் அதில் அடக்கம். அது வேலையற்றோர் எண்ணிக்கையாகாது. அரசு வேலைக்கான ஏக்கத்தின் அளவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூன்று மாவட்டங்களில் ஒரு வட்டாரம்

தோல் வட்டாரத்துக்கென்று தனி எண் ஏன் இல்லை? 2011 மக்கள்தொகைக் கணக்கில் 39 லட்சம் பேருடன் இருந்த வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் போய்ச் சேர்ந்தன. ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்தில். பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே நின்றன. ஒரே ஏஜென்ட் வலை மூன்று ஆட்சியர் அலுவலகங்களில் பிரிந்து கிடக்கிறது. பழைய வேலூர் மாவட்ட எண்ணைப் புதிய வேலூரோடு ஒப்பிடுபவர், ஷூ வட்டாரம் முழுதும் இருந்த மாவட்டத்தையும் அதில் பெரும்பகுதியை இழந்த மாவட்டத்தையும் ஒப்பிடுகிறார்.

மாதிரியின் அளவும் ஒரு தடை. 2024 வரை ஆண்டுக்கு நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் வீடுகள். அதில் ஒரு மாவட்டத்தின் பங்கைப் பிரித்தெடுத்தால், விகிதத்தைவிடப் பிழை வரம்பு பெரிதாகிவிடும். 2025 ஜனவரியில் மாதிரி சுமார் 2.72 லட்சம் வீடுகளாக உயர்ந்தது. மாவட்டமே மாதிரி வடிவமைப்பின் அடிப்படை அலகானது. மாத விகிதம் வரத் தொடங்கியதும் இந்த மாற்றத்தால்தான். மூன்று மாவட்டங்களின் தரவையும் சேர்த்து, சில ஆண்டுகளைத் தொகுத்து, தோல் வட்டாரத்தைத் தனியாகப் பார்க்க இனி வழி பிறந்திருக்கிறது. யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

ஆகவே வேலையின்மை விகிதத்தைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதைக் கடைசியாகப் படித்தால் போதும். முதலில் பங்கேற்பு விகிதம்; அடுத்து, ஏறியவர்கள் சம்பளம், தினக்கூலி, சொந்தக் கணக்கு, ஊதியமில்லா உதவி என்ற நான்கில் எங்கே போனார்கள் என்பது; பிறகு வாரத்தில் எத்தனை மணி நேரம், கையில் எவ்வளவு ரூபாய். இவை எல்லாமே அதே கணக்கெடுப்பில் இருக்கின்றன. செய்தித்தாளின் முதல் பக்கம்வரை வருவதில்லை, அவ்வளவுதான்.

இல்லாத ஒன்றும் உண்டு. 2018ல் நடந்த தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 20ஆவது சர்வதேச மாநாடு, தொழிலாளிக்கும் சுயதொழில் செய்பவருக்கும் இடையில் ‘சார்பு ஒப்பந்தக்காரர்’ என்ற புதிய வகையை ஏற்றது. தன் வேலைக்கும் வருமானத்துக்கும் இன்னொரு நிறுவனத்தை நம்பியிருப்பவர் இவர். இந்தியாவுக்கு இது புதிதல்ல. 1999-2000 சுற்றிலேயே, வீட்டிலிருந்து வேலை செய்பவரிடம் மூலப்பொருளை யார் தருகிறார், யார் சொன்ன அளவுப்படி செய்கிறீர்கள் என்று நம் கணக்கெடுப்பு கேட்டது. அந்தக் கேள்வியோடு ‘ஜோடிக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்?’ என்பதையும் சேர்த்து, பதிலைத் தலைப்பு எண்களின் பக்கத்திலேயே வெளியிட்டால், இரண்டாம் வீட்டுப் பெண் ‘சொந்தக் கணக்கு’ என்ற கௌரவப் பட்டத்திலிருந்து தன் உண்மையான இடத்துக்கு வந்துவிடுவார்.

அதுவரை, ஆர்டர் குறையும் மாதத்தில் தேசிய விகிதம் அசையாமல் இருப்பதில் வியப்பில்லை. அந்த மாதத்தில் அவருக்கு வரும் மூட்டை நாளுக்கு எட்டு ஜோடியிலிருந்து வாரத்துக்கு இரண்டு ஜோடியாகச் சுருங்கியிருக்கலாம். அந்த இரண்டு ஜோடியைத் தைத்து முடிக்கவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.